யாரு இங்க கருப்பு?

என்னை முதன்முதலாகச் சிவப்பாக்கியவர் துபாய்க்கு அந்தப் பக்கம் புஜைராவில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு மலையாளி. சின்ன வயதில் என் அம்மா கடலை மாவு, மஞ்சள், ஆட்டுப்பால் என்று என் மேல் பூசாதது கிடையாது. பஜ்ஜிக்குப் போட வேண்டிய மாவெல்லாம் என் முதுகில் போனதுதான் மிச்சம். அந்த மலையாளி ஒரு டீ குடிக்கிற நேரத்தில், கம்ப்யூட்டரில் நாலு தட்டுத் தட்டி, என்னை ஒரு பேங்க் மேனேஜர் மாதிரி ஆக்கிக் கையில் கொடுத்துவிட்டார். பார்த்ததும் எனக்கே மரியாதை வந்து, "வாங்க சார்" என்று சொல்லத் தோன்றியது.

அப்போது நான் புஜைராவில் எண்ணெய் டேங்குகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். வெயில் உள்ளே இறங்கக் கூடாது என்று டேங்குக்கெல்லாம் வெள்ளைதான் அடிப்பார்கள். மலை மாதிரி நிற்கிற டேங்கை வெள்ளையாக்கிவிட்டுக் கீழே இறங்கிக் கண்ணாடியைப் பார்த்தால், மேலே போனதைவிட இரண்டு கோட்டு கூடுதலாகக் கறுத்திருப்பேன். டேங்குக்கு நான் இருந்தேன், எனக்கு அடிக்கத்தான் ஆளில்லை.

எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். எல்லையில் அரிவாளோடு நிற்கிற சாமிக்குப் பேரே கருப்பர். மணி கட்டி, கிடா வெட்டி, "கருப்பா, நீதான் காவல்" என்று விழுந்து கும்பிடுகிற ஊர். ஆனால் மாப்பிள்ளை என்று போய் நின்றால், "பையன் கொஞ்சம் நெறம் கம்மி" என்று காபியோடு எழுந்துவிடுவார்கள். கும்பிடக் கருப்பு வேண்டும், கட்டிக்கொள்ளச் சிவப்பு வேண்டும். போன லீவில் பார்த்த பெண் வீட்டார், போட்டோவே போதும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு முந்தின வீட்டார், போட்டோவும் வேண்டாம் என்றார்கள். அம்மா போனில் அழ ஆரம்பித்திருந்தாள். இந்த லீவில் கல்யாணம் ஆகவில்லையென்றால், அடுத்த லீவுக்குள் எனக்குத் தலைமுடியும் போய்விடும். நிறமும் இல்லாமல் முடியும் இல்லாமல் பெண் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்பது எனக்கே தெரியும்.

அதனால்தான் ஸ்டூடியோ. அந்தப் படத்தை லீவில் போன ஒருவன் கையில் கொடுத்தனுப்பினேன். ஒரு இடம் தகைந்து வருவதாகத் தகவல் வந்தது. பெண் வீட்டில் போட்டோ பிடித்திருக்கிறதாம். மேற்கொண்டு பேசுவதற்கு முன் ஆளை நேரில் விசாரிக்க வேண்டுமாம்.

படம் போய்விட்டது. இனி ஆள் அந்தப் படத்தை எட்டிப் பிடிக்க வேண்டும்.

அதற்கு எங்கள் கேம்ப்பில் ஒரு வழக்கம் உண்டு. கலர் மாசம் என்று பேர். கல்யாணத்துக்காக லீவில் போகிறவனைக் கடைசி மாதம் வெயிலில் விடமாட்டார்கள். ரூம்காரர்கள் ஃபோர்மேனிடம் போய்ச் சொல்லுவார்கள். அவர் பஞ்சாபி, தன் கல்யாணத்துக்கு முன்னால் அவரும் கலர் மாசம் இருந்தவர். மறுபேச்சு இல்லாமல் நிழல் டூட்டி போட்டுவிடுவார். காலையில் டியூபு க்ரீம், மத்தியானம் கேரட் ஜூஸ், வெளியே தலைகாட்டினால் குரங்குக் குல்லா. எனக்குக் கிடைத்த நிழல் டூட்டி, டேங்குகள் நிற்கிற வளாகத்தின் கேட் கேபின். வருகிற லாரி நம்பரை எழுதிக்கொண்டு, ஏசியில் உட்கார்ந்து வெளுக்க வேண்டியது.

கேபினில் ஏற்கெனவே ஒரு ஆள் இருந்தான். கென்யாக்காரன், செக்யூரிட்டி. வயதில் என்னைவிடச் சின்னவன், உயரத்தில் என்னை மடித்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். காதில் எந்நேரமும் ஒரு ஒயர். கையில் வாக்கிடாக்கி. அதில் பேசுவதைவிட, பேட்டரியைக் கழற்றிவிட்டு அதை மைக் மாதிரி வாயருகே பிடித்து முணுமுணுப்பதுதான் அதிகம். வேலையில் புலி என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவான். என் டிபன் பாக்ஸை என்னைக் கேட்காமலே திறப்பான்.

முதல் நாள் நான் முகத்தில் க்ரீமை அப்பிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றுவிட்டான். "முகத்தில் என்ன? பிளாஸ்டரா? அடிபட்டுவிட்டதா?"

எங்கள் இருவருக்கும் நடுவில் கொஞ்சம் இந்தி, கொஞ்சம் இங்கிலீஷ், கையிருப்புக்கு நாலு அரபு வார்த்தை. என் இந்தியைக் கேட்டால் இந்திக்காரர்கள் காதைப் பொத்துவார்கள், அவனுடையதைக் கேட்டால் கண்ணையும் பொத்துவார்கள். ஆகையால் எங்களுக்குள் நன்றாகப் புரிந்தது. இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

"கல்யாணம்," என்றேன்.

"கல்யாணத்துக்கும் மாவுக்கும் என்ன சம்பந்தம்?"

பெருமையாகப் பர்ஸிலிருந்து ஸ்டூடியோ படத்தின் இன்னொரு பிரதியை எடுத்துக் காட்டினேன். வாங்கி, தூரப் பிடித்துப் பார்த்தான். கிட்டப் பிடித்துப் பார்த்தான்.

"யார் இது? உன் முதலாளியா?"

"நான்தான்பா."

அவன் சிரித்த சிரிப்பில் வெளியே நின்ற லாரி டிரைவர் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். கண்ணில் நீர் வழிய, காதிலிருந்த ஒயரில் ஒன்றைக் கழற்றி என் காதில் செருகினான். "முதலில் இதைக் கேள்."

கேட்டேன். யாரோ மூச்சு விடாமல் திட்டிக்கொண்டிருந்தான். பின்னால் தட்டு, தட்டு, தட்டு என்று ஒரு தாள அடி.

"இது பாட்டா, சண்டையா?"

"இரண்டும்."

"எங்க ஊர்க் குழாயடியில இதைவிட நல்லா கேட்டிருக்கேன்."

"அப்படியானால் உங்கள் குழாயடியிலும் அது இருக்கிறது," என்றான். கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன், சந்தோஷப்பட்டான்.

அதற்குப் பிறகு லாரிக்கும் லாரிக்கும் நடுவே கதை வந்தது. அமெரிக்காவில் கறுப்பர்கள் இருந்த பகுதி, வேலை கிடையாது, போலீஸ் தொல்லை, இவர்கள் சொல்வதை எழுதப் பத்திரிகை கிடையாது. பழைய ரெக்கார்டைத் திருப்பித் திருப்பிச் சுற்றவிட்டு, மைக்கைப் பிடித்து, எங்கள் தெருவில் இதுதான் நடக்கிறது என்று பேச ஆரம்பித்தார்களாம். பேச்சு அடியில் ஏறியது, அடி கப்பல் ஏறியது. நைரோபியில் மினி பஸ்ஸுக்குப் பெயின்ட் அடித்து, ஸ்பீக்கர் கட்டி, அந்தப் பாட்டைத்தான் அலறவிடுவார்களாம். எந்த பஸ்ஸில் பாட்டு நன்றாக இருக்கிறதோ அதில்தான் இவன் பள்ளிக்கூடம் போவானாம். பள்ளிக்கூடம் தாண்டி எங்கேயோ போய் இறங்குவானாம். மினி பஸ் கதை எனக்குச் சுலபமாகப் புரிந்தது. எங்கள் ஊரிலும் பாட்டுக்காக பஸ்ஸை விட்டவன் நான்.

"கறுப்பு என்று எங்களைத் திட்டுவார்கள்," என்றான். "அந்தத் திட்டைப் பிடுங்கி நாங்களே மைக்கில் சத்தமாகச் சொல்லிவிட்டோம். இனி அவர்கள் என்ன சொல்லித் திட்டுவார்கள்? செனகலில் இப்படிப் பாடுகிறார்கள். பாரிஸில் பாடுகிறார்கள். பாலஸ்தீனத்தில் பாடுகிறார்கள். ஆளாளுக்கு அவரவர் பாஷை, அவரவர் தெரு."

"புஜைராவுல?"

"நான் இருக்கிறேனே," என்று வாக்கிடாக்கியைத் தூக்கினான்.

அந்தப் பாட்டுக்கு ஒரு சட்டம் இருக்கிறது என்றும் சொன்னான். எவன் மைக்கைப் பிடித்தாலும் முதலில் தான் யார், எந்த ஊர், எந்தத் தெரு என்று சொல்ல வேண்டும். அடுத்தவன் கதையைத் தன் கதை என்று பாடினால் கூட்டமே கூவி இறக்கிவிடும். ரொம்ப நியாயம் என்று தலையாட்டிவிட்டு, இரண்டாம் கோட்டு க்ரீமைப் பூசிக்கொண்டேன்.

இந்த மைக் விஷயம் எனக்குப் புதிதில்லை. வளைகுடாவுக்கு வருவதற்கு முன் என் தொழிலே மைக்தான். ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு, டூரிங் டாக்கீஸில் படம் மாற்றினால், கட்சிக்காரர் கூட்டம் போட்டால், கருப்பர் கோயிலில் திருவிழா என்றால், ஊர் ஊராகக் கத்திக்கொண்டு போவேன். அந்த வாயை வைத்துத்தான் கேம்ப்பிலும் பிழைப்பு. மெஸ்ஸில் எந்த விசேஷம் என்றாலும் மைக் என் கையில். யாருடைய பத்தாக்கா தொலைந்தாலும், அதாவது இங்கே எல்லோரும் கழுத்தில் மாட்டிக்கொள்கிற அந்த அடையாள அட்டை, நான்தான் அறிவிப்பேன். ஒரு தடவை என்னுடையதையே அறிவித்தேன்.

இதைக் கேள்விப்பட்ட கென்யாக்காரன் ஒரு உதவி கேட்டான். அந்த வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் கேம்ப் விழா. ஒவ்வொரு நாட்டுக்காரருக்கும் ஒரு பாட்டு, ஒரு டான்ஸ். இவனையும் எழுதியிருந்தார்கள், கடைசியில், 'நேரம் இருந்தால்' என்று.

"நேரம் இருக்கும்படி பார்த்துக்கொள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. முழுப் பெயர்."

கேம்ப்பில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இந்திக்காரர்களுக்கு 'காலியா', எங்கள் ஆட்களுக்குக் 'கருப்பன்'. கூப்பிடுகிற எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அவனைவிடக் கறுப்பு. நானும் அவனும் கேபின் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் நடுவர்களாகிவிடுவார்கள். "இன்னைக்கி நீதான்டா ஜெயிச்ச!" என்று என்னைப் பார்த்துத்தான் கத்துவார்கள். கலர் மாசத்தில் கேட்க வேண்டிய வார்த்தையா அது?

வியாழக்கிழமை சாயங்காலம் சோஹாரிலிருந்து ஒரு டிரெய்லர் பைப் ஏற்றிக்கொண்டு வந்து கேட்டில் நின்றது. ஓமன் நம்பர். டிரைவர் இறங்கினார். நல்ல தாட்டியான ஆள். பேப்பரைக் கொடுத்தார். நான் குல்லாவுக்குள்ளிருந்து, கண்ணும் க்ரீமுமாக நம்பரை எழுதினேன்.

"தம்பி தமிழா?"

"ஆமாண்ணே."

"நல்லதாப் போச்சு." சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவர் போட்ட ஒரு படத்தை எடுத்தார். "நாளைக்கி வெள்ளிக்கிழம, லோடு எறக்க மாட்டாக. சனிக்கிழம வரைக்கும் இங்கனதான் கெடக்கணும். அதுக்குள்ள ஒரு ஆள விசாரிக்கணும். இவுக இங்க பெயின்டிங்குல இருக்காகளாம். தெரியுமா?"

பேங்க் மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பெண்ணின் அண்ணன் சோஹாரில் வண்டி ஓட்டுகிறார் என்று அம்மா சொல்லியிருந்தாள். வளைகுடாவில் இருக்கிற மாப்பிள்ளையை வளைகுடாவில் இருக்கிற சொந்தக்காரன் போய்ப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். குடிக்கிறானா, சூதாடுகிறானா, சொன்ன வேலைதான் பார்க்கிறானா என்று கேம்ப்பிலேயே வந்து மோப்பம் பிடிப்பார்கள். வருவார் என்று தெரியும். லோடோடு வருவார் என்று தெரியாது. அதைவிட, படத்தை என் மூக்குக்கு நேரே நீட்டி என்னையே கேட்பார் என்று கனவிலும் நினைக்கவில்லை.

நான்தான் என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. வேறென்னவோ வந்தது.

"தெரியுமாவா? ரொம்பப் பழக்கம்ணே."

"ஆளு எப்புடி?"

"தங்கம்."

"குடிப்பாகளா?"

"மோரே யோசிச்சுத்தான் குடிப்பாரு."

"கொணம்?"

எல்லாமே நல்லதாகச் சொன்னால் நம்ப மாட்டார் என்று ஒரு விசாரணைத் தந்திரம் தோன்றியது. "கொஞ்சம் வாய் ஜாஸ்தி. மத்தபடி குறை சொல்ல முடியாது."

"வாயி இருந்தாப் பொழச்சுக்கலாம்." படத்தை மறுபடி பார்த்தார். முகத்தில் என்னவோ ஒரு யோசனை. "நேர்லயும் இம்புட்டுச் செவப்பா இருப்பாகளா?"

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் ஒரு படி இறங்கியிருப்பான்.

"போட்டோவுல கொஞ்சம் கம்மியா விழுந்திருக்குண்ணே," என்றேன்.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. கென்யாக்காரனுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் அந்தப் படத்தை அவனுக்குத் தெரியும், என் குரலில் இருந்த நடுக்கமும் தெரிந்திருக்கும். கேபினுக்குப் பின்னால் போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தான்.

"இப்ப எங்க இருக்காக?"

"துபாய்க்கு மெடிக்கலுக்குப் போயிருக்காருண்ணே. நாளைக்கி மத்தியானம் மெஸ்ஸுல விழா. அதுக்கு வந்துருவாரு."

ரூமுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் அனுதாபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். உருண்டு சிரித்தார்கள். பிறகு யோசனை சொன்னார்கள். ஒருவன், உடம்பு சரியில்லை என்று போர்த்திப் படுத்துக்கொள், கையை மட்டும் காட்டு என்றான். கையும் கறுப்புதானேடா என்றதும் வாபஸ் வாங்கினான். கடைசியில் எங்கள் ரூமிலேயே சிவப்பாக இருந்த நாகர்கோவில்காரனை நானாக உட்காரவைப்பது என்று முடிவானது. ஒரு முழுக் கோழிக்கு அவன் சம்மதித்தான். என் அப்பா பேர், தாத்தா பேர், குலசாமி பேர் எல்லாம் மனப்பாடம் செய்தான். "சொத்து எவ்வளவு?" என்று கேட்டான். சொன்னேன். "இதுக்கா நான் நடிக்கணும்?" என்றான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மெஸ் நிறைந்துவிட்டது. பிரியாணி வாசம், ஃபேன் சத்தம், சுவரில் கலர்த் தாள். முதல் வரிசையில் சோஹார் அண்ணன். அவர் பக்கத்தில், என் பேரில், என் சட்டையில், நாகர்கோவில்காரன். அண்ணன் அவனைப் பார்ப்பதும், படத்தைப் பார்ப்பதும், மறுபடி அவனைப் பார்ப்பதுமாக இருந்தார். ஸ்டூடியோக்காரர் நிறத்தைத்தான் மாற்றியிருந்தார், மூக்கை விட்டுவிட்டார். என் மூக்கு அப்படி எல்லோருக்கும் வாய்க்காது.

நான் மேடையில் மைக்கோடு. குல்லா இல்லை, ஆனால் முகத்தில் க்ரீம் குறையவில்லை. பட்டாணியர் டான்ஸ் முடிந்தது. மலையாளிகள் பாட்டு முடிந்தது, முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் பாடினார்கள். கேம்ப் பாஸ் வாட்சைப் பார்த்து, "கலாஸ், முடிச்சுடு," என்று கை காட்டினார். நான் பார்க்காத மாதிரி, ஊரில் அமைச்சர் வரும்போது கொடுக்கிற குரலில், கென்யாக்காரனின் முழுப் பெயரையும் சொன்னேன். அவன் பெயர், அவன் அப்பா பெயர், அவன் ஊர். யாருக்கும் புரியவில்லை. யாரைக் கூப்பிடுகிறான் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

காலியான தண்ணீர் கேன் ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்து இன்னொரு செக்யூரிட்டி தட்ட, இவன் ஆரம்பித்தான். பாதி அவன் பாஷை, பாதி கேம்ப் இந்தி. எல்லா வண்டி நம்பரும் எனக்குத் தெரியும், என் பெயர் எவனுக்கும் தெரியாது என்றான். கேட்டைத் திறக்கிறவன் நான், சாப்பாட்டு வரிசையில் கடைசி ஆள் நான் என்றான். ஒரு கப்பலில் என் ஆட்களைக் கட்டிக் கொண்டுபோனார்கள், அவர்கள் பேரன் பாடியது காற்றில் திரும்பி என் ஊருக்கு வந்தது, என்னோடு விமானம் ஏறி இங்கேயும் வந்தது என்றான். கேபினில் முணுமுணுப்பாகக் கேட்டதுதான். மைக்கில் கேட்டபோது எனக்கு முதுகு சிலிர்த்தது. அது ஏசியால் இல்லை. மெஸ்ஸில் ஏசி வேலை செய்து ரொம்ப நாளாயிற்று.

பிறகு நிறுத்தினான். கேன் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

"மே காலா!" என்றான். மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டினான். "இதர் கோன் காலா?"

நான் கருப்பு. இங்க யாரு கருப்பு?

 பின்னாலிருந்து எவனோ, "ஏய் காலியா, பஸ் கர்!" என்றான். போதும் நிறுத்து என்று அர்த்தம். சிரிப்பு. கென்யாக்காரன் கையை இறக்கவில்லை. இன்னொரு தடவை கேட்டான். இந்தத் தடவை குரலில் ஈரம் கொஞ்சம் வற்றியிருந்தது.

மைக் தொழிலில் இருந்தவனுக்குத்தான் அந்த மௌனம் தெரியும். கரண்ட் போனால்கூட அப்படி ஒரு மௌனம் வராது. மேடையிலிருந்து பார்த்தேன். அடுப்பங்கரை, தார் டின், பழைய டயர் என்று கறுப்பில் எத்தனை ஜாதி உண்டோ அத்தனையும் அங்கே உட்கார்ந்திருந்தது. தெலுங்குக் கறுப்பு, பீகார்க் கறுப்பு, வங்காளக் கறுப்பு, எங்கள் புதுக்கோட்டைக் கறுப்பு. அந்தக் கேள்விக்கு நியாயமாக வாயை மூடிக்கொண்டிருக்க உரிமையுள்ள ஒரே ஆள், முதல் வரிசையில் என் சட்டையைப் போட்டுக்கொண்டு கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தான்.

வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். கையில் மைக் இருந்தால் அதைச் சும்மா விடத் தெரியாது எனக்கு.

"மே காலா," என்றேன்.

கென்யாக்காரன் சட்டென்று என் பக்கம் திரும்பினான். கண்ணில் அந்த விஷமம். சட்டம் என்றால் சட்டம். "கோன்? நீ யார்? பெயரைச் சொல். ஊரைச் சொல்."

தண்ணீர் கேன் தட்டிக்கொண்டே இருந்தது. அந்த அடியில் ஏறிவிட்டால் இறங்க முடியாது, மினி பஸ் மாதிரி. என் பெயரைச் சொன்னேன். அப்பா பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். முதல் வரிசையில் அண்ணனின் தலை நிமிர்ந்தது. அதற்கப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? ஆட்டோக் குழாய்க் குரலில் அதுவே வந்துகொண்டிருந்தது.

"டேங்குக்கெல்லாம் வெள்ளையடிச்சேன், மூஞ்சி மட்டும் மிச்சம்,
டியூபு டியூபா அப்பிப் பார்த்தேன், வேர்த்தா வரும் அச்சம்!
ஸ்டூடியோவுல மவுசைத் தட்டிச் செவப்பாக்குனான் ஒருத்தன்,
அந்தப் படத்தைக் காட்டிப் பொண்ணு கேட்ட ஆளு இந்தக் கருப்பன்!"

சொல்லிக்கொண்டே சட்டைக் கையால் முகத்தை ஒரே இழுப்பாகத் துடைத்தேன். தமிழ் ஆட்கள் மேசையைத் தட்டிவிட்டார்கள். அர்த்தம் கேட்டவர்களுக்குப் பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். கென்யாக்காரன் விடவில்லை. "இதர் கோன் காலா?"

"மே காலா!" என்று எழுந்தவர் யார் தெரியுமா? வெள்ளைத் தாடி வைத்த பட்டாணிய கிரேன் ஆப்பரேட்டர். அவர் ரோஜாப்பூ நிறம். சிரிப்பில் அவருக்கும் இடம் வேண்டியிருந்தது போல. பிறகு பீகார்க்காரன் ஒருவன். பிறகு சூடானி ஃபோர்க்லிஃப்ட் டிரைவர், "அனா அஸ்வத்!" என்று, அவர் பாஷையில் அதையே, மெஸ் கூரை தூக்குகிற குரலில். அதற்கப்புறம் யார் யார் என்று கணக்கில்லை. எல்லோரும் பெயரைக் கத்தினார்கள், ஊரைக் கத்தினார்கள். அறந்தாங்கி, சாப்ரா, கசாலா, கண்ணூர். ஒரு மாதிரி பஸ் ஸ்டாண்டு ஆகிவிட்டது.

சோஹார் அண்ணன் எழுந்தார். யாரையும் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

நாகர்கோவில்காரன் என்னைப் பார்த்து, "இப்ப நான் யாருலே?" என்றான்.

சனிக்கிழமை காலை க்ரீம் இல்லாமல், குல்லா இல்லாமல் கேபினுக்குப் போனேன். எதற்கு இனி? கென்யாக்காரன் என் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. அவ்வளவு துக்கம் அவனுக்கு. தன் பாட்டு ஜெயித்து, என் கல்யாணம் தோற்றுவிட்டது என்று நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் இரண்டு பேர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையாட்டினார்கள். உச்சரிப்பு படுமோசம். அவன் எழுந்து நின்று கையாட்டினான். என்னைப் பார்த்ததும் மறுபடி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

பைப் இறக்கிவிட்டு டிரெய்லர் கேட்டுக்கு வந்தது. அண்ணன் இறங்கினார். பேப்பரை நீட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு நம்பரை எழுதினேன்.

"ஒரு ஆளப் பத்தி அந்த ஆளுகிட்டயே விசாரிச்ச மொத ஆளு நானாத்தான் இருப்பேன்," என்றார்.

"மன்னிச்சுக்கங்கண்ணே."

"நீ சொன்னதுல ஒண்ணே ஒண்ணுதான் உண்மை."

"எதுண்ணே?"

"வாய் ஜாஸ்தி."

கென்யாக்காரன் எங்கள் இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் டயரில் சாய்ந்தார். நேற்று வெளியே போனவர் வண்டியில் உட்கார்ந்து ஊருக்குப் போன் போட்டாராம்.

"எந் தங்கச்சி ஒங்க போட்டோவப் பாத்துட்டுக் கவுத்து வச்சிருச்சு. பிடிக்காம இல்ல. 'அண்ணே, இம்புட்டுச் செவத்த ஆளு என்னய நேர்ல பாத்தா எந்திரிச்சுப் போயிருவாக, நீ போயிப் பேசிக் கழிச்சு விட்டுரு'ன்னு சொல்லித்தான் அனுப்புச்சு. அதுவும் நெறம் கம்மி. ரெண்டு எடம் எந்திரிச்சுப் போயிட்டாக." டயரை ஒரு தட்டுத் தட்டினார். "ஒங்க வீட்டுக்கு நாங்க குடுத்த போட்டோ இருக்கே?"

"அம்மா பார்த்திருக்கு. நல்ல நெறம்னு சொன்னுச்சு."

"எங்க அறந்தாங்கியிலயும் ஸ்டூடியோ இருக்குல்ல," என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். முதலில் யார் சிரித்தது என்று ஞாபகம் இல்லை. என்ன நடக்கிறது என்றே தெரியாமல் எங்கள் இருவரையும்விடச் சத்தமாகச் சிரித்தது யார் என்று மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"நேத்து நீங்க பாடுனத அது போனுல கேக்கணும்னுச்சு. எனக்கெங்க அதெல்லாம் வரும்? வெள்ளையடிச்சேன், மூஞ்சி மிச்சம்னு ஏதோ ஒளறுனேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். அது சிரிச்சு நாளாச்சு." அண்ணன் பையிலிருந்து கேமரா வைத்த போனை எடுத்தார். "வேற படம் கேட்டுச்சு. வாங்க, மாப்புள. நெழல்ல நிக்காதீக. இப்புடி வெயில்ல வாங்க."

கலர் மாசத்தில் வெயிலுக்குள் கால் வைத்தேன். ஆகா, அந்தச் சூடு! கென்யாக்காரன் தானும் படத்தில் இருப்பேன் என்று வந்து, என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, வாக்கிடாக்கியை மைக் மாதிரி பிடித்து நின்றான். சோஹார் அண்ணனும் ஆசைப்பட்டு, போனை எட்டப் பிடித்துத் தன் தலையையும் உள்ளே நுழைத்தார். பின்னால் நான் வெள்ளையடித்த டேங்க்.

அந்த லீவில் கல்யாணம் நடந்தது. பெண் பார்க்கப் போனபோது பவுடர் வாசமே இல்லை, இரண்டு பக்கமும். முதல் வார்த்தையாக என்ன பேசுவது என்று நான் ஆட்டோக் குழாய்க் குரலைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள்தான் ஆரம்பித்தாள். அண்ணன் போனில் எடுத்த படத்தை என் பக்கம் நீட்டினாள். வெள்ளை டேங்க் வெயிலில் பளீரென்று விழுந்ததில், முன்னால் நின்ற மூன்று பேரும் இருட்டாக, மூன்று வரிசைப் பல்லாக மட்டும் இருந்தோம்.

"இதுல நீங்க யாரு?" என்று கேட்டாள்.

சட்டப்படி பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன்.